யாரும் அவுட் ஆகாத விளையாட்டு

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்த வருஷம் என் மனைவி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். மதுரையிலிருந்து கொழும்பு போய், அங்கே விமானம் மாறவேண்டும். ஏர்போர்ட் வாசலில் மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மகள் அழவில்லை. ட்ராலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரு ஆள் ரயில் மாதிரி தள்ளிக்கொண்டு போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பரங்குன்றத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"அம்மா எப்ப வரும்?"

"ரெண்டு வருஷம்."

அது அவளுக்கு நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு கிழமை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடை. கடையில் பாதி என் நண்பனுடையது. உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் கடையிலிருந்து வருகிறவரை பாப்பாவைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் டவுனுக்குள் பள்ளிவாசல் பக்கம் செருப்புக் கடை வைத்திருந்தார். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகளும் அவளுக்குக் கீழே ஒரு மகனும். பாப்பா பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினதும் அக்கா தன் பிள்ளைகளோடு அவளையும் உட்காரவைத்து, பால் கொடுத்து, தலையைச் சீவிவிட்டு வைத்திருப்பார். நான் போய் நின்றால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வருவாள். அக்கா மகளும் மகனும் வாசல்வரை வந்து டாட்டா காட்டுவார்கள். இவள் பதிலுக்குக் கையை ஆட்டமாட்டாள்.

தெருவில் எல்லாரோடும் பேசுகிற ஆள் என் மனைவிதான். காய்கறி வண்டிக்காரர், கேஸ் போடுகிற பையன், எதிர்வீட்டு வாத்தியார், யாராக இருந்தாலும் நின்று ரெண்டு வார்த்தை பேசாமல் நகரமாட்டாள். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியை எடுக்கிறவன். அவள் போன பிறகு வீட்டில் எவ்வளவு சத்தம் குறைந்துபோனது என்பது எனக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சாயங்காலம் நானும் மகளும் டிவியைப் போட்டுவிட்டு அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். குக்கர் விசில் வந்தால் ரெண்டு பேருமே திடுக்கிட்டுத் திரும்புவோம்.

பாப்பாவின் வகுப்பு மிஸ் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். படிப்பில் குறை இல்லையாம். படி இறங்கும்போது தடுக்கி விழுகிறாளாம், பட்டன் போட நேரமாகிறதாம், விளையாட்டு பீரியடில் சுவரோரமாகப் போய் நின்றுகொள்கிறாளாம். "யாரோடயும் சேரமாட்டேங்குறா சார்" என்றார்.

வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். பந்தை அவள் பக்கம் போட்டால் கை நீளும், ஆனால் பந்து வந்து சேருவதற்குள் கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பந்து நெஞ்சில் பட்டு விழும். அப்புறம் கண்ணைத் திறந்து, யாரோ வந்துவிட்டுப் போன மாதிரி சுற்றிலும் பார்ப்பாள். எங்கள் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா சத்தம் போட்டால் சேர்த்துக்கொள்வார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. எந்த டீமிலும் இல்லை, பேட்டிங் கிடையாது, சாக்கடைக்குள் விழுகிற பந்தைக் காட்டிக்கொடுக்கலாம். அவளும் அதை ஒரு வேலையாகவே செய்வாள். நான்தான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மனைவியிடம் போனில் சொன்னேன். எத்தனை நாளாக இப்படி என்று ரெண்டு தடவை கேட்டாள். பிறகு, "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. அங்க தல்லாகுளத்துலயே பிள்ளைகளுக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக்குடுக்கிற இடம் இருக்கு. எங்கூட வேலை பாத்த அக்கா சொல்லிருக்காக" என்றாள். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற இடத்தை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அங்கே இருந்தவர் சின்ன வயதுப் பெண். நான் டாக்டரம்மா என்றேன். "டாக்டர் இல்ல சார், தெரபிஸ்ட்" என்று சிரித்தார். பாப்பாவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், பந்தைப் போட்டுப் பார்த்தார். பிறகு மேஜைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பலூனை எடுத்து ஊதி முடிச்சுப்போட்டு மேலே தட்டிவிட்டார். பலூன் மெதுவாகக் கீழே வந்தது. பாப்பா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடவில்லை. மூக்குக்கு நேரே வந்ததும் ரெண்டு கையாலும் தட்டினாள்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "பந்து வர்ற வேகத்துக்கு பாப்பாவோட கண்ணும் கையும் இன்னும் தயாராகல. அதான் பயந்துருது. பலூன் காத்திருக்கும். கொஞ்ச நாள் பலூன், அப்புறம் பெரிய லேசான பந்து, அப்புறம் சின்னது. ஆனா ஒண்ணு சார். ஜெயிக்கிறது தோக்கிறது இப்ப வேணாம். எல்லாரும் சேந்து ஒரே பந்தைக் காப்பாத்துற மாதிரி ஆடுங்க. நீங்களும் பாப்பாவும் மட்டும் ஆடுனா பத்தாது. மத்த பிள்ளைகளும் வேணும்."

நான் பலூன் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன். மத்த பிள்ளைகளுக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மனைவி இருந்திருந்தால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருப்பாள், தெருவே வந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. ஓரத்தில் கருவேலஞ்செடிகள், நடுவில் பையன்கள் ஆடி ஆடி வழித்துவிட்ட மண். அங்கே நின்றால் குன்றத்து மலை முழுசாகத் தெரியும். மாப்ளயிடம் சொல்லிவிட்டு, கோர்ட் கலைந்து கூட்டம் குறைந்ததும் கிளம்பி வர ஆரம்பித்தேன். "நீ போ மாப்ள, நான் பாத்துக்கிறேன். பிள்ளையப் பாரு" என்பான். முதல் சாயங்காலம் நானும் பாப்பாவும் அந்த மனையில் நின்று பலூனைத் தட்டினோம். முப்பத்தாறு வயது ஆள், பேண்ட் சட்டையோடு, பலூனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி பண்றீக?"

சொன்னேன்.

"அட, எம்பிள்ளைகளையும் சேத்துக்கங்க. வீட்டுக்குள்ள இருந்தா செல்போன விடமாட்டேங்குதுக." அப்படியே உள்ளே திரும்பி, "ஏய், ரெண்டு பேரும் வெளிய போங்க, மாமா கூப்பிடுறாக!" என்றார். நான் கூப்பிடவே இல்லை. இருந்தாலும் அந்த ஒரு சத்தத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததில் முதலாவது, வட்டமாக உட்கார்ந்து காலை விரித்துவைத்துப் பந்தை உருட்டுவது. உருட்டுவதற்கு முன்னால் யாருக்கு என்று பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அந்த ஆள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து "ம்" என்று சொன்ன பிறகுதான் உருட்டவேண்டும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் என் மகள் வேறொரு குழந்தையின் பேரைச் சத்தமாகச் சொல்லி, அது திரும்பிப் பார்க்கிறவரை காத்திருந்ததை நான் அந்த மனையில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அக்கா மகளுடைய பேர்தான் அவள் முதலில் கூப்பிட்டது. அந்தப் பிள்ளை "ம்ம்ம்" என்று இழுத்துச் சொல்லிச் சிரித்தது. பந்து கோணலாகப் போய்ச் செடிக்குள் விழுந்தது. அந்தப் பிள்ளையே எழுந்துபோய் எடுத்துவந்து திரும்ப உட்கார்ந்தது.

எங்களுக்குச் சாயங்காலம் என்றால் மனைவிக்கு அங்கே பகல். நைட் டூட்டி முடித்துத் தூங்கி எழுகிற நேரம். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து வீடியோ காலில் வருவாள். போனை ஒரு செங்கல்லில் சாய்த்துவைத்துவிட்டு ஆடுவோம். தலை கலைந்து, கண் வீங்கி, கையில் டீயோடு பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னையப் பாக்காதடா, பலூனப் பாரு" என்று அங்கிருந்து கத்துவாள்.

ஒருநாள் வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது பாப்பா திடீரென்று போனைப் பார்த்து, "அம்மா!" என்று கூப்பிட்டாள். அது பேசக் கூப்பிட்ட குரல் இல்லை, ஆட்டத்தில் கூப்பிடுகிற குரல். என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து "ம்" என்றாள். பாப்பா பந்தை உருட்டினாள். அது நேராகப் போய்ச் செங்கல்லில் இடித்தது. போன் குப்புற விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து, "ஏய், இருட்டா இருக்கு, யாராச்சும் தூக்கிவிடுங்கப்பா!" என்று சத்தம் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மறுநாளிலிருந்து அக்கா மகள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நான் அத்தையோட கை" என்றாள். என் மனைவி அங்கிருந்து ஒரு பேரைக் கூப்பிடுவாள், "ம்" வந்ததும் அக்கா மகள் பந்தை உருட்டுவாள். மனைவியின் முகத்தில் அந்தச் சமயத்தில் ஒரு சந்தோஷம் வரும். பந்து போய்ச் சேருகிறவரை அவள் உடம்பும் கட்டிலில் முன்னால் சாயும். பந்து போன பிறகு கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்காருவாள். அந்தச் சாய்வை என்னால் பார்க்க முடியாது. பக்கத்தில் இருக்கிற கல்லையோ செடியையோ பார்த்துக்கொள்வேன்.

கிரிக்கெட் பையன்கள் கொஞ்ச நாள் நக்கலடித்தார்கள். "அங்கிள், அவுட்டே இல்லைன்னா என்ன கேமு?" என்றான் ஒருத்தன். அவர்களை இழுத்துக்கொண்டுவந்தது சேலைப் பந்து. ஒரு துணியை எல்லாரும் சுற்றி நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ளவேண்டும். நடுவில் பந்து. துணியைச் சேர்ந்தாற்போல் தளர்த்தி இழுத்தால் பந்து மேலே பறக்கும், அதைக் கீழே விழாமல் திரும்பத் துணியிலேயே வாங்கவேண்டும். ஒருத்தர் மட்டும் வேகமாக இழுத்தால் பந்து வெளியே போய்விடும். முதலில் படுக்கை விரிப்பை வைத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது, சின்னக் கைகளிலிருந்து நழுவியது.

"என்னோட ஊதா சுங்குடிய எடுத்துக்கங்க, ரெண்டா மடிச்சா சரியா இருக்கும். அதுதான் லேசு" என்றாள் மனைவி போனில்.

அந்தச் சேலை பீரோவில் மேல் தட்டில் இருந்தது. ஊருக்குப் போகிறதுக்கு முதல்நாள் கட்டியிருந்தது. துவைக்காமல் மடித்து வைத்திருந்தேன். ஏன் துவைக்கவில்லை என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ரெண்டு நாள், "தேடிப் பாத்தேன், கெடைக்கல" என்று இழுத்தடித்தேன்.

"மேல் தட்டுலதான இருக்கு?" என்றாள் மூன்றாவது நாள். கொஞ்சம் நிறுத்தி, "எடுங்க. நான் வந்து வேற கட்டித் தாரேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன். சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்புப் பந்து எகிறியது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா, நடுநடுவே பிள்ளைகள். ரெண்டு கிரிக்கெட் பையன்கள் வந்து, "தள்ளு தள்ளு, நாங்க பிடிக்கிறோம்" என்று விளிம்பைப் பிடித்தார்கள். அவர்கள் பலத்துக்குப் பந்து கருவேலஞ்செடியைத் தாண்டிப் போனது. "மெதுவாண்ணே!" என்று என் மகள் அந்தப் பெரிய பையனைப் பார்த்துக் கத்தினாள். அவன் "சரிம்மா" என்றான். சேலை ஒரு வாரத்தில் மண் நிறமாகிவிட்டது. துவைத்தேன். அதோடு அந்த வாசனையும் போனது. மொட்டைமாடியில் அதைக் காயப்போட்டுவிட்டுக் கொடிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பாப்பா பந்தைப் பிடித்த நாள் போன் இல்லாத நாளாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லையென்று மனைவியைப் பகலிலும் நிறுத்திவைத்துவிட்டார்கள். அன்றைக்கு அக்கா மகன், நாங்கள் யாரும் சொல்லாமலேயே, தூரத்திலிருந்து பாப்பாவுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான். நான் "ஏய்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பந்தைப் பார்த்தாள். அது உச்சிக்குப் போய் இறங்குகிறவரை பார்த்தாள். கண் அகலமாகத் திறந்தே இருந்தது. கை ரெண்டும் சேர்ந்து பந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அவளுக்கே நம்ப முடியாமல் குனிந்து பார்த்தாள். பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றிக் குதித்தன. நான் சேலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். திரும்பி யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. செங்கல்தான் இருந்தது.

மறுநாள் மனைவிக்குக் காட்டுவதற்காகத் திரும்பத் திரும்பப் போட்டோம். அம்மா பார்க்கிறாள் என்றதும் பாப்பா பந்தைவிட்டுப் போனைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தவறவிட்டாள். கடைசியில் பந்தை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பரவால்லடா தங்கம். நீ பிடிச்சேன்னு அப்பா சொல்லுச்சு. அம்மாவுக்கு அது போதும்" என்றாள் மனைவி. பிறகு நான் போனைத் தனியாக எடுத்துக்கொண்டு போனபோது, "எனக்குப் போதாதுங்க" என்றாள்.

ரெண்டு வருஷம் கழித்து லீவில் வந்தாள். பாப்பாவுக்கு ஏழு வயது. ஏர்போர்ட்டில் என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தவள் முன்னால் வரவே இல்லை. மனைவி முட்டிபோட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். பாப்பா அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்ப என் பின்னால் போய்விட்டாள். "பழகிரும்" என்றேன் நான். "ம்" என்றாள் மனைவி. காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி ஒரு அறைக்குள் போனால் பாப்பா அடுத்த அறைக்குள் போய்விடுவாள். கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள், தேங்க்ஸ் சொன்னாள். விருந்தாளியிடம் சொல்கிற தேங்க்ஸ். மறுநாள் காலையில் மனைவி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் நம்பரிலிருந்து வீடியோ கால். பாப்பா என் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ம், சொல்லுடா."

"அம்மா, என்ன பண்ற?"

"தோசை சுடுறேன். நீ எங்க இருக்க?"

"மாடில. டூட்டி இல்லையா?"

"லீவுடா. உன்னையப் பாக்கத்தான் லீவு."

"அந்தப் பொம்மை கண்ணு சிமிட்டுதும்மா."

"ஆமாவா? எங்க, காட்டு."

ஒரே வீட்டுக்குள் கீழேயும் மேலேயும் இருந்துகொண்டு ரெண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்தது, அக்கா மகனுக்குப் பல் விழுந்தது எல்லாம் சொன்னாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் குரலில் அழுகை துளிக்கூட இல்லை. கன்னத்தில் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. போனைக் கொஞ்சம் மேலே தூக்கி, நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி பிடித்திருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியும் காலி மனைக்கு வந்தாள். பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டன. "அத்தை, நீங்க போன்ல குண்டா தெரிவீக" என்றான் அக்கா மகன். வட்டத்தில் செங்கல் இருக்கிற இடத்தில் அக்கா மகள் வழக்கம்போல் உட்காரப் போனவள், எழுந்து நின்று, "அத்தை, இது ஒங்க எடம்" என்று தள்ளி உட்கார்ந்தாள். மனைவி செங்கல்லை நகர்த்திவிட்டுச் சேலையை வரிந்துகொண்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

ஆட்டம் நடந்தது. பாப்பாவிடம் பந்து வரும்போதெல்லாம் அவள் எல்லார் பேரையும் கூப்பிட்டாள், அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மனைவி ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து காத்திருந்தாள். எனக்குச் சொல்லவேண்டும் போல் இருந்தது, "அம்மாவுக்கு உருட்டுடா" என்று. மனைவி என்னைப் பார்த்து வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தாள்.

அடுத்தது முதுகுப் பந்து. ரெண்டு ரெண்டு பேராக முதுகோடு முதுகு நிற்கவேண்டும், நடுவில் பந்து. கையால் தொடாமல், கீழே விடாமல், பக்கவாட்டில் நடந்து மனையின் அந்தக் கோடிக்குப் போகவேண்டும். பாப்பாவுக்கு எப்போதும் ஜோடி அக்கா மகள்தான். அன்றைக்கு அவளும் தம்பியும் பள்ளிவாசலுக்கு ஓதப் போகிற நேரமாகிவிட்டது. செருப்புக் கடையிலிருந்து அவர்கள் அத்தா பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் ஜோடி சேர்ந்தாயிற்று. மிச்சம் இருந்தது பாப்பாவும் அவள் அம்மாவும்.

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே போய் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மனைவி மண்ணில் முட்டிபோட்டு உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். பெரிய பையன் ஒருத்தன் நடுவில் பந்தை வைத்தான். மனைவி முட்டியாலேயே நகர்ந்தாள். ரெண்டடி போனதும் பந்து விழுந்தது. திரும்ப வைத்தார்கள். திரும்ப விழுந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் ஓடி ஓடி வேலை பார்த்தே பழகியவள், அவளுக்கு மெதுவாக வராது.

"அம்மா, அவசரப்படாத" என்றாள் பாப்பா.

மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயா சாயாத. நான் சாயுறப்ப மட்டும் சாயி. நான் சொல்லமாட்டேன், ஒனக்கே தெரியும்."

"சரிடா."

முகத்தை முகம் பார்க்கவேண்டிய அவசியம் அந்த ஆட்டத்தில் இல்லை. ஒருத்தி மலையைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தி வீடுகளைப் பார்த்துக்கொண்டு, நடுவில் பந்தோடு நகர்ந்தார்கள். மற்ற ஜோடிகள் எல்லாம் போய்ச் சேர்ந்து திரும்பி நின்று பார்த்தன. பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவள் கொஞ்சம் நின்றால் மனைவியும் நின்றாள். கோடிக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். வழக்கமாக வந்துசேர்ந்ததும் முன்னால் நகர்ந்து பந்தைக் கீழே விட்டுவிடுவார்கள். இவர்கள் ரெண்டு பேரும் நகரவில்லை. முதுகில் பந்தை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். பிறகு பாப்பாவின் கை பின்னால் வந்து தடவிப் பார்த்து, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

அந்த லீவு முழுக்க ஒரு சாயங்காலம்கூட விடாமல் ஆடினோம். வேறொன்றும் செய்யவில்லை. உறவுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கீழக்குயில்குடிக்கு ஒருநாள் போய்ச் சமணர் மலையில் ஏறினோம், அங்கேயும் குளத்துக்குப் பக்கத்தில் பந்தை எடுத்துவைத்துக்கொண்டு ஆடினோம். கிளம்பும் நாள் பாப்பா ஏர்போர்ட்டில் அழுதாள். வாய்விட்டு, மூக்கு ஒழுக, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். முதல் தடவை அவள் அழாமல் நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தத் தடவை அழுதது அதைவிட நிம்மதியாக இருந்தது. அதை மனைவியிடம் சொன்னால் அடிப்பாள் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ரெண்டு தடவை வந்துபோனாள். காலி மனையில் இப்போது மாடி வீடு வந்துவிட்டது. அக்கா குடும்பம் கடைக்குப் பக்கத்திலேயே டவுனுக்குள் வீடு பார்த்துப் போய்விட்டது. கிரிக்கெட் பையன்களில் ஒருத்தன் என் கடைக்கே வந்து சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனான், மீசை வைத்திருந்தான். என் மகள் பள்ளிக்கூடத்தில் த்ரோபால் டீமில் இருக்கிறாள். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் உண்டு, தோற்றால் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். என்னோடு பந்து ஆடக் கூப்பிட்டால், "அப்பா, போங்கப்பா" என்கிறாள். இப்போது மரியாதை வேறு வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறாள். தடுக்கி விழுவதில்லை. போன் பேசினால் வைக்கமாட்டேன் என்கிற அளவுக்குச் சிநேகிதிகள்.

எனக்குத்தான் சாயங்காலம் கோர்ட் கலைந்து கூட்டம் குறைகிற நேரத்தில் கால் நிற்காது. கிளம்பவேண்டும் போலவே இருக்கும். மாப்ள கவனித்துவிட்டு, "எங்கடா போகப்போற?" என்பான். டீ சொல்லி அனுப்புவேன்.

போன வாரம் மெஷினில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் கட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி வந்தா வந்ததுதான்."

மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று வெளியே வந்தேன். ரோட்டில் பஸ் ஹாரன். "என்ன சொன்ன?" என்றேன். திரும்பச் சொன்னாள். "சரி, வா" என்று மட்டும் சொன்னேன்.

டிக்கெட் அநேகமாக ஒரு சனிக்கிழமை காலைக்குக் கிடைக்கும் என்றாள். பிறகு, "அவ இன்னும் விளையாடுவாளா என்கூட?" என்று கேட்டாள்.

பதினோரு வயதுப் பெண்ணைப் பற்றி அதற்கு என்ன சொல்வது? "வந்து பாரு" என்றேன். போனை வைத்த பிறகு, அவள் விட்டுவிட்டுப் போன சாயங்காலங்கள் எல்லாம் எங்கேயோ மொத்தமாகச் சேர்ந்திருக்கக்கூடாதா, வந்ததும் எடுத்துக்கொடுக்க முடியாதா என்று நினைத்துக்கொண்டேன். குமாஸ்தா வந்து, "அண்ணே, பேப்பர் சிக்கிருச்சு" என்று தோளைத் தட்டினார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இனிமே போகவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"என் ரூம்லதான் படுப்பாங்களா?"

"ஒனக்குச் சரின்னா."

கொஞ்சம் யோசித்தாள். "படுக்கட்டும். ஆனா என் அலமாரில இருக்கிறத எடுத்து ஒதுங்கவைக்கக் கூடாது, சொல்லிருங்க." லேஸை அவிழ்த்து முடித்தாள். உள்ளே போனவள் திரும்பி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "ஃப்ளைட் என்னைக்கு, எத்தனை மணிக்கு?"

"சனிக்கிழமையா இருக்கும். காலைல."

"சனிக்கிழமை காலைல எனக்குப் பிராக்டீஸ்."

அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"லீவு சொல்லிக்கிறேன். பி.டி. மிஸ்கிட்ட நானே பேசிக்கிறேன், நீங்க போன் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.